சிம்பான் தண்ணீர்

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் சட்டம் தெரியும். ஓடைக் கட்டுக்கு மேலே வீடு போடக் கூடாது, மாடு பன்றி விடக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, வெளிக்குப் போகக் கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த ஐந்தையும் சொல்வேன். எவனாவது ஒன்றை மீறினால் அவன் பரம்பரையையே இழுத்து வைத்து ஏசுவேன். மூங்கில் தோட்டத்தில் எனக்குத் தண்ணிப் பிசாசு என்று பெயர். சந்திரமதி என்று என் அப்பா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு.

மூங்கில் தோட்டம் என்பது ரப்பர்த் தோட்டம், ஜொகூரில் செடெனாக் ஸ்டேஷனுக்கு மூன்று மைல் உள்ளே இருந்தது. லயம் என்கிற வரிசை வீடு ஆறு, நூற்றுப் பத்துக் குடித்தனம், எல்லாருக்கும் ஒரே தண்ணீர். மலைச்சரிவில் ஓர் ஓடை. அதன் குறுக்கே இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்டுக் கட்டு. பக்கத்தில் மூடி போட்ட தொட்டி. தொட்டியிலிருந்து இரும்புக் குழாய் வழியாகத் தண்ணீர் லயத்துக்கு இறங்கி வரும். கட்டுக்கு மேலே நாற்பது ஏக்கர் காடு. சட்டம் அந்தக் காட்டுக்குத்தான்.

சட்டம் சும்மா வரவில்லை. ஜப்பான் சண்டைக்கு ஏழு வருடம் முன்னால் தோட்டத்தில் விஷக் காய்ச்சல் வந்தது. என் மூத்தவனுக்கு ஆறு வயது, அடுத்தவனுக்கு நாலு. ஒன்பது நாளில் இரண்டு பேரும் போனார்கள். துரை லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னான், தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்றான். அப்புறம் ஜொகூர் பாருவிலிருந்து ஒரு சர்க்கார் டாக்டர் வந்தார். அவர் லயத்தைப் பார்க்கவே இல்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தார், கட்டுக்கு வந்தார், கட்டையும் தாண்டி ஓடையோடு நடந்தார். அங்கே கரி சுடுகிறவர்கள் நாலைந்து பேர் கொட்டாய் போட்டு, பன்றி வளர்த்துக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் கக்கூசு ஓடைக்கு மேலேயே நின்றது. இரண்டு பலகை, நடுவில் சந்து, கீழே ஓடும் தண்ணீர். அதைத்தான் நான் என் பிள்ளைகளுக்குக் குவளையில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அங்கே நின்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன், என் வீட்டுக்காரர் காளியப்பன்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தார்.

டாக்டர் எழுதிப் போட்டதில் சட்டம் வந்தது. சர்வே ஆட்கள் வந்து சங்கிலி பிடித்து அளந்து, நாற்பது ஏக்கரைச் சுற்றிச் சிவப்புச் சாயம் பூசிய கல் நட்டார்கள். கரி சுடுகிறவர்களுக்குச் சாலையோரம் வேறு இடம் கொடுத்தார்கள். ஆபீசில் ஒரு வரைபடம் மாட்டினார்கள். காட்டு வாயிலில் மலாயில் ஒரு பலகை நட்டார்கள், 'தானா சிம்பான்' என்று. ஒதுக்கி வைத்த நிலம் என்று அர்த்தமாம். எங்களுக்கு அந்த மலாய் வார்த்தை புதிதில்லை. அரிசியை எடுத்து வைத்தால் சிம்பான் பண்ணினோம் என்போம், தோட்டைப் பெட்டியில் வைத்தால் சிம்பான் பண்ணினோம் என்போம். அதனால் அந்தக் காட்டுக்கே சிம்பான் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. மாடு சிம்பானுக்குள் போய்விட்டது என்பார்கள். குழாயில் வருவது சிம்பான் தண்ணீர்.

காளியப்பனைத் தண்ணீர்க் காவலுக்குப் போட்டார்கள். தொட்டியின் அடியில் சேறு கழுவிவிடும் குழாய் ஒன்று உண்டு, அதைத் திறக்கும் நீட்டு இரும்புச் சாவி அவர் தோளிலேயே இருக்கும். ஜப்பான்காரன் வந்த மறு வருடம் சயாம் ரயிலுக்கு ஆள் பிடித்தபோது அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். லாரி ஏறும்போது அவர் அழவில்லை. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் கழுவிவிட மறக்காதே என்றார். அவர் திரும்பி வரவே இல்லை. அன்றைக்கு அது தெரியாதே, அவர் வந்தால் கொடுக்க வேண்டுமே என்று சாவிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தேன்.

அப்போது எனக்கு மிஞ்சியிருந்தது ஒரு பெண்பிள்ளை, புஷ்பவள்ளி, மூன்று வயது. அவளை ஆயாக் கொட்டாயில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவேன். ஒரு நாளைக்கு நாலு தரம் ஏறுவேன். ஒரு தரம் போதும், எனக்கே தெரியும். ஆனால் கீழே வந்து உட்கார்ந்தால் மேலே யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். சோற்றில் கை வைத்தால் ஓடையில் எதுவோ விழுந்த மாதிரி இருக்கும். எழுந்துவிடுவேன். எங்கடி ஓடுற என்று கேட்டால் எரிந்து விழுவேன். காலில் பித்தம் ஏறியதுபோல் ஆகிவிட்டது எனக்கு.

துரை சண்டைக்கு முன்பே ஓடிவிட்டான். தோட்டத்தைக் கங்காணி ஐயாசாமிதான் பார்த்துக்கொண்டார், நல்ல மனிதர்தான், ஆனால் கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சாய்கிறவர். ஆபீசில் கிராணி லெட்சுமணன் இருந்தார். இங்கிலீஷ், மலாய் இரண்டும் எழுதுவார். பயந்த சுபாவம்.

அரிசி நின்றுபோயிற்று. சும்மா கிடக்கிற நிலத்தில் எல்லாம் மரவள்ளி நடு என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டான். பால்மரத்தை வெட்டினால் தலை போகும். பாயாச் சதுப்பில் கிழங்கு அழுகும். வெட்டாமல், நடாமல், கறுத்த மண்ணோடு கிடந்தது சிம்பான் ஒன்றுதான். கங்காணி வீட்டு வாசலில் கூட்டம் போட்டார்கள். சிம்பானை நூற்றுப் பத்தாகப் பங்கு போட்டு, வெள்ளிக்கிழமை வெட்ட ஆரம்பிப்பது என்று பேச்சு.

நான் எழுந்து கத்தினேன். மேலே மரம் போனால் மண் கரைந்து தொட்டிக்கு வரும், மனுசன் போய் அங்கேயே இருந்து மண்வெட்டி போட்டால் அவன் கழிவும் வரும், பழைய கதைதான் திரும்ப வரும் என்றேன். கிராணியிடம் வரைபடத்தைக் கொண்டுவரச் சொல்லி, கட்டுக்குக் கீழே எங்கெங்கே நடலாம் என்று காட்டச் சொன்னேன். சதுப்பில் மண்ணைக் கூட்டி மேடு கட்டினால் கிழங்கு அழுகாது, பழைய நாற்றங்கால் மேட்டில் ஐந்து ஏக்கர் இருக்கிறது, ரயில் பாதை ஓரம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மேடு கட்டத் தெம்பு யாருக்கு இருக்கு என்று நாலு பேர் சிரித்தார்கள்.

அப்புறம் பேச்சியம்மாள் எழுந்தாள். நாலாம் லயம், என்னைவிட எட்டு வயது மூத்தவள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள். என் இரண்டாவது பிள்ளை அவள் மடியில்தான் செத்தது. அவளுக்கு அப்போது மூன்று பேரப்பிள்ளைகள், மூன்று பேருக்கும் கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது, அமுக்கினால் குழி விழும்.

"தண்ணியக் காய்ச்சிக் குடிச்சுக்கலாம், சந்திரா. வயித்துக்கு எதக் காய்ச்சுறது? அதச் சொல்லு," என்றாள்.

பதில் வராதபோது எனக்குக் கோபம் வரும். வெட்டுகிறவன் முதலில் என் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டு அப்புறம் மரத்துக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து புஷ்பவள்ளியைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் காலை அமுக்கிப் பார்த்தேன். குழி விழவில்லை. அதற்கு நிம்மதிப்பட்டது அன்றைக்கே எனக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் ஜப்பான்காரன் வந்தான். ரயில் பாதையைக் காவல் காக்க முப்பது பேர் வந்து துரை பங்களாவில் இறங்கியிருந்தார்கள், அவர்களுக்குத் தலைவனாக ஒரு சார்ஜன். குட்டையான ஆள், கண்ணாடி போட்டிருப்பான், சட்டைப் பொத்தான் ஒன்றுகூடத் திறந்திருக்காது. பங்களாக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாதிப் பேர் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார்கள். நல்ல தண்ணீர் எங்கே என்று தேடி, எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் லயத்துக்கு வந்தவன், குழாயில் வந்த தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தான். இது எங்கிருந்து வருகிறது என்று கங்காணியை மலாயில் கேட்டான்.

கங்காணி கும்பிட்டுக் குனிந்து, "டாரி சிம்பான், துவான்," என்றார்.

சிம்பானிலிருந்து வருகிறது என்று அவர் சொன்னார். சார்ஜனுக்குத் தெரிந்தது கடைத்தெரு மலாய். அவன் காதில் விழுந்தது, பதுக்கி வைத்த இடத்திலிருந்து வருகிறது என்று. அந்தக் காலத்தில் பதுக்கல் என்றால் என்ன தண்டனை என்று தெரியும்தானே? விட்டான் ஒன்று. கங்காணி தலைப்பாகை போய் வேலியில் விழுந்தது. யார் சிம்பான் பண்ணியது, என்ன சிம்பான் பண்ணியது என்று கேட்டுக் கேட்டு அடித்தான். கங்காணிக்கு ஏன் அடி விழுகிறது என்றே புரியவில்லை. சிம்பான், சிம்பான் என்று மலையைக் கைகாட்டிக்கொண்டே இருந்தார். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

பன்னிரண்டு பேர் துப்பாக்கியோடு மேலே ஏறினார்கள். கிராணியைப் பிடரியில் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் அப்போது கட்டருகே தேங்கிய இலையை அள்ளிக்கொண்டிருந்தேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். ஓடவில்லை, ஓட இடமும் இல்லை. அவர்கள் துப்பாக்கிக் கத்தியால் சருகைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். வேர்ச் சந்தில் பார்த்தார்கள், தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள். அரிசி மூட்டை இல்லை, துப்பாக்கி இல்லை. சார்ஜனுக்கு முகம் சிவந்துவிட்டது. என் முன்னால் வந்து நின்று, என்ன சிம்பான் என்று கேட்டான்.

"ஆயர், துவான்," என்றேன். தண்ணீர். "ஆயர் மட்டும்தான்."

அவன் நம்பவில்லை. ஒரு குவளை அள்ளி என்னைக் குடிக்கச் சொன்னான். குடித்தேன். கால் மணி நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் அவனும் குடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று குவளை. அதற்குள் கிராணிக்குக் கொஞ்சம் பேச்சு வந்துவிட்டது. சட்டத்தை, டாக்டரை, கல் நட்டதை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னார். சார்ஜன் ஆபீசுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தான். பென்சிலை எடுத்து ஓடையின் நீலக் கோட்டின் மேல் ஒரு தரம் இழுத்துப் பார்த்துத் தலையை ஆட்டினான். கோடு, கணக்கு, முத்திரை என்றால் அவனுக்கு உயிர் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் சிம்பானில் வெட்டுக்கத்தி விழவில்லை. உள்ளே போகிறவன் தலை இருக்காது என்று சொல்லிவிட்டான். நாற்பது ஏக்கரும் தப்பியது. ஆனால் அதே நாள் சிப்பாய்கள் வந்து லயத்துக் குழாயைத் தோண்டி எடுத்தார்கள். அதே குழாயைப் பங்களாவுக்குத் திருப்பிப் போட்டார்கள். சிம்பான் தண்ணீர் இனி ராணுவத்துக்கு. நாங்கள் பாயாவில் அள்ளிக் குடித்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு லயத்தில் பேசிய மாதிரி ஒருநாளும் என்னை யாரும் பேசியதில்லை. நான்தான் பங்களாவுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன் என்று ஆகிவிட்டது. காட்டை வெட்டவிடாமல் செய்ய ஜப்பான்காரனைக் கூட்டிவந்துவிட்டாள், கூட்டிவந்து குழாயையும் கொடுத்துவிட்டாள். பேச்சியம்மாள் என் கதவுக்கு முன்னால் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். "காட்டிக் குடுத்தவளே, இனி என்னை அக்கான்னு கூப்பிடாத," என்றாள். கங்காணி வாய் வீங்கிப் படுத்திருந்தார். அவர் வாயிலிருந்து விழுந்த ஒரு வார்த்தைதான் காரணம் என்று கிராணிக்கும், அவர் சொல்லி எனக்கும் மட்டும் தெரியும். போய் விளக்கியிருக்கலாம். எனக்கு விளக்கம் வராது, கோபம்தான் வரும். மண்ணைக்கூடக் கூட்டித் தள்ளாமல் அப்படியே விட்டுவைத்தேன்.

நாலாவது நாள் புஷ்பவள்ளிக்கு வயிற்றால் போயிற்று. பாயாத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, காய்ச்சி, ஆற வைத்துத்தான் கொடுத்தேன். நான் மலைக்குப் போயிருந்தபோது ஆயாக் கொட்டாயில் காய்ச்சாததைக் குடித்திருக்கிறாள். எத்தனை விறகு, எத்தனை பானை, இருபது பிள்ளைகளுக்கு ஆயா எப்படிக் காய்ச்சுவாள்? இரவெல்லாம் அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். முதல் இரண்டு பேருக்கும் ஆரம்பம் இப்படித்தான் இருந்தது. இவளையும் கொடுக்க மாட்டேன், கொடுக்க மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். என்ன செய்யப் போகிறேன் என்று மட்டும் தெரியவில்லை.

காலையில் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. பழைய சட்டத்தைப் புதிதாக எழுதி ஜப்பான் முத்திரை போடப் போகிறார்களாம், தண்ணீர்க் காவல்காரி வர வேண்டுமாம். பிள்ளையை ஆயா மடியில் போட்டுவிட்டுப் போனேன்.

சார்ஜன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். கிராணி பழைய இங்கிலீஷ் தாளைப் பார்த்துப் பார்த்து மலாயில் வாசித்தார். வீடு கூடாது. சார்ஜன் தலையை ஆட்டினான். மாடு பன்றி கூடாது, வெட்டக் கூடாது, துவைக்கக் கூடாது, வெளிக்குப் போகக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஆட்டினான். இந்தச் சட்டத்தை எழுதியவன் புத்திசாலி என்றான். வெள்ளைக்காரன் எழுதியது என்று யாரும் ஞாபகப்படுத்தவில்லை. கடைசியில் தொட்டியைப் பற்றிய வரி வந்தது. கிராணி பேனாவை மையில் தொட்டுக்கொண்டே, கழுவிவிடுவது வாரத்துக்கு ஒரு தரம் பத்து நிமிடம்தானே என்று தமிழில் என்னைக் கேட்டார்.

அந்த அடிக்குழாயைத் திறந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. பழைய கால்வாய் ஒன்று உண்டு. அது சரிவில் இறங்கி, இரண்டாம் லயத்துக்கும் மூன்றாம் லயத்துக்கும் நடுவில் வந்து பாயாவில் விழும். திறந்த ஐந்து நிமிடம் சேறு வரும். அதற்கப்புறம் வருவது குழாயில் வந்த அதே தண்ணீர்.

"தெனமும். ஒரு மணி நேரம்," என்றேன்.

கிராணியின் பேனா நின்றுவிட்டது. தாளில் அப்படி இல்லையே என்று உதட்டை அசைக்காமல் சொன்னார்.

"பழைய தாளு பழைய தொரைக்கு. நீங்க எழுதுங்க, கிராணி," என்றேன்.

அவர் எழுதினார். எழுதியதை வாசித்தார். சார்ஜன் தலையை ஆட்டவில்லை. இவ்வளவு நேரம் எதற்கு என்று கேட்டான். நான் அவன் முகத்தை நேரே பார்த்து, "சாக்கிட் பெருட், துவான்," என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். வயிற்று நோய். கழுவாவிட்டால் வரும். அவன் ஆட்களில் பதினாலு பேர் அப்போது கக்கூசுக்கும் கட்டிலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். எழுந்து, முத்திரையை மையில் அழுத்தி, தாளில் ஓங்கிக் குத்தினான். அந்தச் சட்டத்தில் அது ஒன்றுதான் பொய், அது நான் சொன்ன பொய்.

வெளியே வந்ததும் கிராணி சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பயந்தவர் என்று அதற்கப்புறம் நான் அவரைச் சொன்னதில்லை.

காலை எட்டிலிருந்து ஒன்பது என்று தாளில் போட்டிருந்தது. அது ஜப்பான் மணி. அவன் கடிகாரத்தில் எட்டு என்றால் நமக்கு அப்போதுதான் விடியும். மறுநாள் சாவியைப் போட்டுத் திருகிவிட்டு, சேறு போகும்வரை நின்று பார்த்துவிட்டு, தண்ணீரோடு கூடவே ஓடிவந்து லயத்து முன்னால் நின்று தண்ணீர்த் தகரத்தை எடுத்துக்கொண்டு வாங்கடி என்று கத்தினேன். ஒரு கதவும் திறக்கவில்லை. நான் மட்டும் இரண்டு தகரம் நிரப்பினேன். ஆயாக் கொட்டாய்க்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. மூன்று நாளில் புஷ்பவள்ளிக்கு வயிறு நின்றது. சுருண்டு கிடந்தவள் எழுந்து கிழங்கு கேட்டாள். நான் தனியாகப் போய் அழுதேன்.

அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். முதலில் பக்கத்து வீட்டு அங்கம்மா வந்தாள், அப்புறம் நாலு பேர், அப்புறம் ஆறு லயமும். அடிவாங்கிய வாயோடு கங்காணி எழுந்துவந்து, ஒரே பிற்பகலில் மூங்கிலைப் பிளந்து கால்வாய் முழுக்கத் தாங்கல் வைத்துப் போட்டுக் கொடுத்தார், தண்ணீர் மண்ணில் படாமல் வர. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் என் பங்குக்குச் சட்டம் போட்டேன். மூங்கிலுக்குப் பக்கத்தில் கோழி கூடாது, துணி கூடாது, ஒரு வீட்டுக்கு இரண்டு தகரம், பிள்ளை பெற்றவளுக்கு மூன்று. சண்டை போட்டார்கள், ஏசினார்கள், ஆனால் கேட்டார்கள். சதுப்பில் மேடு கட்டுகிற வேலையும் மெல்ல ஆரம்பித்தது, வேறு இடம்தான் இல்லையே.

பேச்சியம்மாள் மட்டும் மருமகளை அனுப்புவாள், தான் வர மாட்டாள். வந்தாலும் என்னைப் பார்க்க மாட்டாள். இருபது நாள் இப்படிப் போயிற்று. எனக்குத் தினமும் பயம்தான். எட்டு மணிக்குத் தொட்டி காலியாகிறது, ஒன்பதரை வரை பங்களாக் குழாயில் நூல் மாதிரித்தான் வரும். கடிகாரம் பார்க்கிற ஒருவன் அங்கே இருக்கிறான். எத்தனை நாளைக்கு அவன் சும்மா இருப்பான்?

வந்தான். ஒரு காலையில் நான் திறந்துவிட்டுக் கீழே வந்து வரிசையை ஒழுங்குபண்ணிக்கொண்டு இருந்தேன். பேச்சு சட்டென்று அடங்கியது. திரும்பினால் சார்ஜன் நிற்கிறான். கையில் கடிகாரம், அக்குளில் சட்டத் தாள், பின்னால் துப்பாக்கியோடு ஒருவன். அவன் மூங்கிலைப் பார்த்தான். வரிசையாக வைத்த தகரங்களைப் பார்த்தான். அறுபது எழுபது பெண்கள் இடுப்பு வளையக் குனிந்து நிற்பதைப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது அவனுக்கு. என்னைக் கைச்சாடை காட்டிக் கூப்பிட்டான்.

இது என்ன என்று கேட்டான். கழுவுகிறேன் துவான் என்றேன். அப்புறம், எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ, அவன் அக்குளில் இருந்த தாளைக் கைநீட்டிக் காட்டினேன்.

"சத்து ஜாம், துவான். முத்திரை உங்களோடது."

ஒரு மணி நேரம். அவன் தாளை விரித்தான். அந்த வரியை வாசித்தான். அடியில் அவன் குத்திய சிவப்பு முத்திரை இருந்தது. முகம் வெளுத்தது. தாளை நிதானமாக மடித்து, பின்னால் நின்றவனிடம் கொடுத்தான். அப்புறம் கையை முழுக்கப் பின்னால் கொண்டுபோய் என் இடது காதோடு சேர்த்து ஓர் அறை விட்டான். நான் மூங்கில் தாங்கலின் மேல் போய் விழுந்தேன். காதுக்குள் ஆயிரம் சீவுண்டு கத்தியது. எழுந்தபோது கழுத்தில் சூடாக ஏதோ இறங்கியது.

சுடப் போகிறான் என்றுதான் நினைத்தேன். புஷ்பவள்ளியை அங்கம்மா வளர்ப்பாளா என்றுகூட நினைத்துவிட்டேன். அவன் சுடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றான். எட்டரை ஆகியிருந்தது. முத்திரை போட்டது ஒரு மணி நேரத்துக்கு. தன் முத்திரையைத் தானே அழிக்க அவனால் முடியவில்லை. மேலே போய், ஏமாந்து குத்திவிட்டேன் என்று எவனிடம் சொல்வான்? அதனால் தண்ணீர் ஓடியது. ஆனால் அவன் நிற்கும்போது யார் வந்து அள்ளுவாள்? எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முப்பது நிமிடத் தண்ணீர் எங்கள் கண் முன்னால் மூங்கிலின் வாயிலிருந்து விழுந்து பாயாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அறை வலிக்கவில்லை, அதுதான் வலித்தது.

அப்போது வரிசையின் கடைசியில் ஒரு தகரம் நகர்ந்தது. பேச்சியம்மாள். அன்றைக்கு மருமகளுக்குக் காய்ச்சல், அதனால் தானே வந்திருந்தாள். வீங்கிய காலை இழுத்து இழுத்து நடந்துவந்தாள். சார்ஜனுக்கு முன்னால் வந்ததும் நின்று, இடுப்பு வளையக் குனிந்து கும்பிட்டாள். நிமிர்ந்து, அவனைத் தாண்டிப் போய், தகரத்தை மூங்கில் வாயில் வைத்தாள். தகரம் நிறைகிற சத்தம் எனக்கு ஒரு காதில் மட்டும் கேட்டது. அவன் அவளைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். அவள் தகரம் நிறைந்து விலகியதும் அங்கம்மா போனாள். அப்புறம் எல்லாரும்.

ஒன்பது ஆனதும், "தூத்தோப்," என்றான். மூடு. மலையேறிப் போய் மூடினேன், அவனும் கூடவே வந்து பார்த்தான். நாளைக்கும் ஒரு மணி நேரம் என்று விரல் ஒன்றைக் காட்டினான். ஒரு நிமிடம் கூடினால் என்று கையைக் கழுத்தில் இழுத்துக் காட்டினான். ஒரு நாளும் கூடியதில்லை. அவர்கள் தோட்டத்தை விட்டுப் போகும்வரை இரண்டு வருடம், தினமும் ஒரு மணி நேரம், கடிகாரம் தவறாமல் கழுவினேன். சிம்பானில் ஒரு மரம் விழவில்லை. லயத்தில் தண்ணீரால் ஒரு பிள்ளை சாகவில்லை.

மூடிவிட்டு இறங்கி வந்தபோது லயத்து முனையில் பேச்சியம்மாள் காத்துக்கொண்டிருந்தாள். காலடியில் அவள் தகரம். என்னைக் கல்லில் உட்கார வைத்தாள். முந்தானையைத் தகரத்துக்குள் முக்கி என் கழுத்தைத் துடைக்க வந்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"குடிக்கிற தண்ணிய ரத்தத்துக்கு ஊத்தாத, அக்கா," என்றேன்.

அவள் கேட்கவில்லை. முக்கி முக்கித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, என் இடது பக்கம் குனிந்து என்னவோ சொன்னாள். அழுதுகொண்டே நீளமாகச் சொன்னாள், உதடு அசைவது கண்ணோரம் தெரிந்தது. எனக்கு அந்தக் காது அன்றோடு போயிற்று. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை, திரும்பச் சொல்லு என்று நான் கேட்கவும் இல்லை.